எந்த நாளின் என்ஜின்? பிரிட்டனின் பிராந்திய நீராவி என்ஜின் மாதிரிகளும் வரலாற்றுத் துல்லியமும்

பிரிட்டனின் நீராவி ரயில் என்ஜின்களைச் சிறிய அளவில் மாதிரியாகச் செய்யும் கலை நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. கடையில் பெட்டியோடு விற்கப்படும் மாதிரியானாலும், பித்தளைத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து ஒருவர் தம் வீட்டு மேசையில் உருவாக்கும் மாதிரியானாலும், அதைப் பார்ப்பவர் முதலில் கேட்பது, இது சரியாக இருக்கிறதா என்பதே. இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை அளவுகளைச் சார்ந்தது: சக்கரத்தின் விட்டம், கொதிகலனின் நீளம், புகைப்போக்கியின் உயரம் ஆகியவை அசலோடு விகிதம் மாறாமல் பொருந்தினால் மாதிரி சரியானது எனக் கொள்ளப்படுகிறது. அளவெல்லாம் பொருந்திய மாதிரியும் வரலாற்று நோக்கில் பிழையாக இருக்க முடியும் என்பதையும், ஒரு குறிப்பிட்ட என்ஜின் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட பிராந்தியத்தில் இருந்த நிலையோடு ஒப்பிட்டே துல்லியத்தை மதிப்பிட இயலும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இன்று பெரும்பாலோர் முதன்மைச் சான்றாக நம்பும் பொருள், அருங்காட்சியகங்களிலும் பாரம்பரிய ரயில்பாதைகளிலும் பாதுகாக்கப்பட்டுள்ள என்ஜின். கிடைக்கும் சான்றுகளில் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டியதும் அதுவே என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

பிராந்தியங்கள் உருவான விதம்

1921-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், அதுவரை தனித்தனியே இயங்கிய ஏறத்தாழ 120 ரயில்வே நிறுவனங்களை 1923 ஜனவரி 1 முதல் நான்கு பெரும் நிறுவனங்களாக ஒன்றிணைத்தது. கிரேட் வெஸ்டர்ன், லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் (எல்.எம்.எஸ்.), லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் (எல்.என்.இ.ஆர்.), சதர்ன் என்ற இந்நான்கும் 1948 ஜனவரி 1 அன்று நாட்டுடைமையாக்கப்பட்டு, பிரிட்டிஷ் ரயில்வே என்ற ஒரே அமைப்பின்கீழ் வெஸ்டர்ன், லண்டன் மிட்லண்ட், ஈஸ்டர்ன், நார்த் ஈஸ்டர்ன், சதர்ன், ஸ்காட்டிஷ் என்ற ஆறு பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டன. பெயரளவில் ஒரே அமைப்பாயினும், பழைய நிறுவனங்களின் பணிமனைகளும் பழக்கவழக்கங்களும் அப்படியே தொடர்ந்தன.

என்ஜின்களின் எண்களிலேயே இத்தொடர்ச்சியைக் காணலாம். சதர்ன் நிறுவனத்தின் எண்களோடு 30000, எல்.எம்.எஸ். எண்களோடு 40000, எல்.என்.இ.ஆர். எண்களோடு 60000 கூட்டப்பட்டன. கிரேட் வெஸ்டர்ன் என்ஜின்களின் எண்கள் மட்டும் மாறவில்லை. ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் வார்ப்பு எண் தகடுகளைப் பொருத்துவது அந்நிறுவனத்தின் மரபு. எண்ணை மாற்றினால் ஒவ்வொரு தகட்டையும் புதிதாக வார்க்க வேண்டியிருந்திருக்கும். என்ஜினின் முன்முகமான புகைப்பெட்டிக் கதவில் எண் தகடு வைப்பது எல்.எம்.எஸ். வழக்கம், அதையும், என்ஜின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்பதைக் குறியீட்டால் காட்டும் சிறிய ஷெட் தகட்டையும் பிரிட்டிஷ் ரயில்வே நாடு முழுவதற்கும் விரித்தது. லண்டன் கிங்ஸ் கிராஸ் ஷெட்டுக்கு 34ஏ, ஓல்டு ஓக் காமனுக்கு 81ஏ, குரூ நார்த்துக்கு 5ஏ என்பன 1950 முதல் வழங்கிய குறியீடுகள். முன்பக்க விளக்குகளின் நிலையில் வேற்றுமை இன்னும் ஆழமானது: மற்றப் பிராந்தியங்களில் விளக்குகள் இருக்கும் இடம் அது விரைவு ரயிலா, சரக்கு ரயிலா என்ற வகையைச் சொல்ல, சதர்ன் பிராந்தியத்தில் வெள்ளை வட்டத் தகடுகள் அந்த ரயில் செல்லும் தடத்தைச் சொல்லின. ஆகவே, சதர்ன் பாதையில் ஓடும் மாதிரி என்ஜின் ஒன்றின் முன்னால் எல்.எம்.எஸ். முறைப்படி விளக்கு மாட்டியிருந்தால், என்ஜினின் ஒவ்வோர் ஆணியும் சரியாக இருந்தாலும் அந்த மாதிரி சொல்லும் செய்தி தவறானதாகிவிடும்.

நிலவிவரும் இரு பார்வைகள்

மாதிரி செய்வோரிடையே துல்லியம் பற்றி நெடுங்காலமாக இரு பார்வைகள் நிலவுகின்றன. முதற்பார்வை அளவையே அடிப்படையாகக் கொண்டது. இதன் பின்னணியை அறிய, பிரிட்டனில் பெருவழக்காக உள்ள ‘ஓஓ’ அளவுமுறையின் குறை என்ன என்று பார்க்க வேண்டும். இம்முறையில் அசலின் ஓர் அடி நான்கு மில்லிமீட்டராகக் குறுக்கப்படுகிறது. அதாவது விகிதம் 1:76.2. அசல் தண்டவாள இடைவெளியான 1435 மில்லிமீட்டர் இவ்விகிதப்படி 18.83 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஆனால் ஓஓ முறையின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்; ஐரோப்பியக் கண்டத்தில் வழங்கும் 1:87 விகிதத்துக்கு உரிய பாதை அது. பிரிட்டனின் சுரங்கங்களும் பாலங்களும் குறுகலானவை என்பதால் அந்நாட்டு என்ஜின்களும் உருவில் சிறியவை. 1920-களில் கிடைத்த மின்மோட்டாரை 1:87 அளவிலான பிரிட்டிஷ் என்ஜினுக்குள் அடக்குவது கடினமாக இருந்ததால், உடலை மட்டும் பெரிதாக்கி, பாதையை அப்படியே விட்டுவிட்டனர். இதன் விளைவாக, ஓஓ மாதிரிகள் அனைத்தும் அசலில் ஏறத்தாழ ஏழு அங்குலம் குறுகிய பாதையில் ஓடுவதாகின்றன. முன்னிருந்து பார்த்தால் சக்கரங்கள் உடலின் அடியில் மிக உள்ளடங்கித் தெரிவது இதனால்தான்.

இக்குறையைக் களைய முதலில் 18 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட ‘இஎம்’ முறையும், 1960-களில் 18.83 மில்லிமீட்டரைச் சிறிதும் விட்டுக்கொடுக்காத ‘புரோட்டோஃபோர்’ முறையும் தோன்றின. புரோட்டோஃபோர் முறையினர் பாதையோடு நில்லாமல், சக்கர விளிம்பின் தடிப்பு, தண்டவாளம் பிரியும் இடத்தில் உள்ள இடுக்கு ஆகியவற்றையும் அசலின் விகிதத்துக்கே கொண்டுவந்தனர். இப்பணி பெரும் மதிப்புக்குரியது. சக்கரத்துக்கும் அதன் மேற்காப்புத் தகட்டுக்கும் இடையிலான மிகச் சிறிய இடைவெளியைக்கூட அசல்போல் காட்ட முடியும் என்று மெய்ப்பித்தவர்கள் அவர்களே. எனினும் இப்பார்வை காலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 18.83 என்பது 1923-இலும் 1963-இலும் ஒன்றேதான்.

இரண்டாம் பார்வை சூழலின் உணர்வையும் காலத்தின் இசைவையும் முதன்மைப்படுத்துகிறது. ஜான் ஏஹெர்ன் உருவாக்கிய ‘மேடர் வேலி’ என்ற மாதிரி ரயில்பாதை எந்த உண்மையான நிறுவனத்தையும் சாராதது. நிலக்காட்சியோடு ரயில் கலந்து நிற்கும் அழகே அதன் நோக்கம். பாதிரியார் பீட்டர் டென்னி செய்த பக்கிங்ஹாம் பாதையோ கற்பனையான ஒரு கிளைப்பாதையை, கிரேட் சென்ட்ரல் நிறுவனத்தின் ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்து ஒழுங்குக்கு உட்பட்டு இயக்கிக் காட்டியது. ராய் இங்லண்ட் 1954-இல் லாங் விட்டன்ஹாம் என்ற சிற்றூரில் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகம் இவற்றினும் ஒருபடி மேலே சென்று, வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரைவேய்ந்த வீடுகளையும் வயல்களையும் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் நிலையில் பதிவுசெய்தது. அங்கே ஓடும் என்ஜின்கள் அந்தக் காலக்கட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. இடம் கற்பனையாக இருந்தும் காலம் கறாராக இருப்பது சாத்தியம் என்பதை டென்னியின் பணியும், இடமும் காலமும் ஒருங்கே கறாராக இருக்க முடியும் என்பதை பெண்டனும் காட்டுகின்றன. இவ்விரு பார்வைகளுள் வரலாற்றுக்கு நெருக்கமானது இரண்டாவதே. காலத்தைக் குறிப்பிடாத எந்த மாதிரியையும் சரிபார்க்க வழியில்லை என்பது இதற்குக் காரணம். சரிபார்க்க முடியாத ஒன்றைத் துல்லியமானது என்று சொல்வதில் பொருளில்லை.

ஒரே வகுப்பு, பல உருவங்கள்

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு விளக்கலாம். ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்ட என்ஜின்களின் தொகுதியை வகுப்பு என்பர். எல்.எம்.எஸ். நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்த ‘பிளாக் ஃபைவ்’ வகுப்பில் 1934 முதல் 1951 வரை 842 என்ஜின்கள் கட்டப்பட்டன. குரூ, டார்பி, ஹார்விச் ஆகிய நிறுவனத்தின் சொந்தப் பணிமனைகளோடு, வல்கன் ஃபவுண்டரி 100, ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் 327 என வெளியார் தொழிற்சாலைகளும் அவற்றைக் கட்டின. தொடக்கத்தில் வந்தவற்றின் கொதிகலன் மேல் குவிமாடம் கிடையாது. பின்னால் வந்தவற்றில் உண்டு. தீயறையின் நீளமும் இடையில் மாறியது. நாட்டுடைமைக்கு முன்னும் பின்னும் வந்த சிலவற்றில் வால்வுகளை இயக்கும் பொறியமைப்பே வேறு.

இவற்றையெல்லாம் எண்வரிசைப்படி பட்டியலிட்டுவிட்டால் போதும் என்று தோன்றலாம். ஆனால் பணிமனையின் நடைமுறை அப்பட்டியலைக் குலைத்துவிடுகிறது. பெரும் பழுதுபார்ப்புக்கு வரும் என்ஜினின் சட்டகத்தைச் சீர்செய்ய ஆகும் காலத்தைவிடக் கொதிகலனைச் சீர்செய்ய ஆகும் காலம் அதிகம். என்ஜின் காத்துக்கிடக்கக் கூடாது என்பதற்காக முன்பே சீர்செய்து வைக்கப்பட்ட உபரிக் கொதிகலன் ஒன்று அதில் ஏற்றப்படும், கழற்றப்பட்டது வேறோர் என்ஜினுக்குப் போகும். நிலக்கரியும் நீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டரும் இப்படியே கைமாறும். ஆகவே குறிப்பிட்ட எண்ணுடைய என்ஜின் ஒன்று, குறிப்பிட்ட ஆண்டில் குவிமாடத்தோடு இருந்ததா இல்லையா என்பதற்கு வடிவமைப்பு விடை சொல்லாது. அந்த என்ஜினின் பணிமனைப் பதிவும் தேதி தெரிந்த புகைப்படமும் மட்டுமே சொல்லும்.

சான்றுகளின் தரம்

மாதிரி செய்வோருக்குக் கிடைக்கும் முதற்சான்று பணிமனை வரைபடம். யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இவை பெருமளவில் சேகரிக்கப்பட்டுள்ளன. வரைபடத்தின் பலம் அளவுகளின் நம்பகத்தன்மை. அதன் பலவீனம், கட்ட எண்ணியதை அது காட்டுகிறதே தவிர, கட்டப்பட்டு இருபது ஆண்டு உழைத்தபின் இருந்ததைக் காட்டுவதில்லை என்பது. பிற்காலத்தில் சேர்ந்த குழாய்கள், மசகிடும் கருவிகள், ஒட்டுத் தகடுகள் ஆகியன தனி வரைபடங்களில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது.

இரண்டாவது சான்று புகைப்படம். தேதியும் இடமும் தெரிந்த புகைப்படமே இத்துறையில் தலைசிறந்த சான்று என்று உறுதியாகக் கூறலாம். தேதி எழுதப்படாத படத்தையும் அதிலுள்ள குறிகளைக் கொண்டு ஓரளவு காலப்படுத்த இயலும். கிரேட் வெஸ்டர்ன் டெண்டரில் சட்டைப் பொத்தான் என்று செல்லமாக அழைக்கப்பட்ட வட்ட முத்திரை இருந்தால் அது 1934-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, எல்.என்.இ.ஆர். டெண்டரில் ‘என் இ’ என்ற இரண்டெழுத்து மட்டும் இருந்தால் அது 1942-இல் தொடங்கிய போர்க்காலச் சிக்கனத்தின் அடையாளம். சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்க முத்திரை நாட்டுடைமைக்குப் பிந்தைய முதற்கட்டத்தையும், 1956-இல் வந்த புதிய முத்திரை அதன் பிற்காலத்தையும் காட்டுகின்றன. இப்புதிய முத்திரையில் இன்னொரு நுட்பமும் உண்டு. என்ஜினின் இருபுறமும் சிங்கம் முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் வலப்புறத்துக்கென்று தனியே திருப்பி அச்சிட்டனர். அரச இலச்சினைகளை மேற்பார்வையிடும் அமைப்பு, இடப்புறம் நோக்கும் சிங்கத்துக்கு மட்டுமே உரிமை வழங்கப்பட்டதெனச் சுட்டிக்காட்டியதால் பின்னர் அதைக் கைவிட்டனர். ஆகவே மாதிரியின் வலப்பக்கத்தில் சிங்கம் எத்திசை நோக்குகிறது என்பதுகூட ஒரு காலக்குறிப்பு.

புகைப்படத்துக்கும் வரம்புகள் உண்டு. படமெடுத்தோர் பெரும்பாலும் வெயில் படும் பக்கத்திலிருந்து, முன்பக்கம் சாய்வாகத் தெரியுமாறு எடுத்தனர். டெண்டரின் பின்புறமும், ஓட்டுநர் அறையின் கூரையும், கொதிகலனின் உச்சியும் அரிதாகவே பதிவாகின. போர்க்காலத்தில் பாதுகாப்புக் கட்டுப்பாடும் படச்சுருள் பஞ்சமும் சேர்ந்து அந்த ஆண்டுகளை இருளடையச் செய்துவிட்டன. நிறம் பற்றிய கேள்வியில் கறுப்பு வெள்ளைப் படம் சில வேளைகளில் வழிதவறச் செய்கிறது. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் வகைப் படத்தகடுகள் சிவப்பொளியை உணராதவை என்பதால், எல்.எம்.எஸ். பயணி என்ஜின்களின் கருஞ்சிவப்பு அவற்றில் கறுப்பாகவே விழுகிறது. அந்நிறுவனம் 1928 முதல் கருஞ்சிவப்பை முதன்மையான விரைவு என்ஜின்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றப் பயணி என்ஜின்களைக் கறுப்பாக்கத் தொடங்கியிருந்ததால், மாற்றம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளின் படமொன்றில் காணும் நடுத்தர என்ஜின் சிவப்பா கறுப்பா என்பதை அப்படம் மட்டும் தீர்க்காது. பணிமனையின் அதிகாரபூர்வப் படங்களிலும் இதே இடர்ப்பாடு உள்ளது. புதிய என்ஜினுக்குப் படமெடுப்பதற்கென்றே சாம்பல் நிறம் பூசி, படம் எடுத்தபின் உரிய நிறத்தை அடிக்கும் வழக்கம் இருந்தது.

பெயர் மாறிய என்ஜின்கள்

எண்ணும் பெயரும் தெளிவாகத் தெரியும் படமும் தவறான என்ஜினைக் காட்டக்கூடும். 1939-இல் ‘கொரோனேஷன்’ என்ற பெயரும் 6220 என்ற எண்ணும் தாங்கி அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்த எல்.எம்.எஸ். என்ஜின், உண்மையில் 6229 ‘டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்’. புதிதாக இருந்த என்ஜினை அனுப்ப விரும்பிய நிறுவனம் இரண்டின் பெயரையும் எண்ணையும் மாற்றியது. போர் மூண்டதால் 1942 வரை அது திரும்பவில்லை, 1943-இல்தான் பெயர்கள் மீண்டும் உரிய இடம் சேர்ந்தன. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிட்டனில் 6229 என்ற எண்ணோடு ஓடியது அசல் 6220.

இதைவிட ஆழமானது வெஸ்டர்ன் பிராந்தியத்தின் 4082 ‘வின்ட்சர் காசில்’ நிகழ்வு. 1924-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஸ்விண்டனில் தாமே ஓட்டிய பெருமை உடையது அந்த என்ஜின். 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இறுதிச் சடங்கு ரயிலை அதுவே இழுக்க வேண்டும் என்று கருதப்பட்டபோது அது பணிமனையில் கிடந்தது. ஆகவே 1948-இல் கட்டப்பட்ட 7013 ‘பிரிஸ்டல் காசில்’ என்ற என்ஜினுக்கு அதன் பெயரும் எண்ணும் பொருத்தப்பட்டன. அம்மாற்றம் பின்னர் திருத்தப்படவே இல்லை. எனவே 1951-இன் 4082-ஐயும் 1953-இன் 4082-ஐயும் மாதிரியாகச் செய்ய முனைபவர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு இடைவெளியில் கட்டப்பட்ட இரு வேறு என்ஜின்களைச் செய்ய வேண்டியவராகிறார். எண்ணை மட்டும் நம்பித் தகவல் திரட்டும் முறைக்கு இது வலுவான மறுப்பு.

பிரிட்டானியா: பிராந்தியம் எழுதிய குறிகள்

பிராந்திய வேறுபாடு பழைய நிறுவனங்களின் என்ஜின்களோடு முடிந்துவிடவில்லை என்பதற்குப் பிரிட்டானியா வகுப்பு சான்று. நாடு முழுவதற்கும் பொதுவானதாக வடிவமைக்கப்பட்டு, 1951 முதல் 1954 வரை குரூ பணிமனையில் கட்டப்பட்ட இவ்வகுப்பின் 55 என்ஜின்கள் பல பிராந்தியங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. வெஸ்டர்ன் பிராந்தியத்துக்கு அனுப்பப்பட்டவற்றுக்கு ‘மார்னிங் ஸ்டார்’, ‘போலார் ஸ்டார்’ போன்ற, கிரேட் வெஸ்டர்னின் பழம்பெரும் என்ஜின்கள் தாங்கிய பெயர்கள் சூட்டப்பட்டன. ஆனால் கிரேட் வெஸ்டர்ன் மரபில் ஓட்டுநர் வலப்புறம் நிற்பவர். பிரிட்டானியாவில் அவர் இடம் இடப்புறம்.

1955 நவம்பர் 20 அன்று, சவுத் வேல்ஸிலிருந்து லண்டன் பாடிங்டனுக்குச் சென்ற உல்லாசப் பயண ரயிலை இழுத்த 70026 ‘போலார் ஸ்டார்’, டிட்காட் அருகிலுள்ள மில்டனில், வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டிய இணைப்புப் பாதையில் மிகு வேகத்தோடு நுழைந்து தடம்புரண்டு கரையிலிருந்து சரிந்தது. 11 பேர் உயிரிழந்தனர். விசாரணையில், ஓட்டுநரின் கவனக்குறைவோடு அவர் கண்ணுக்குத் தெரிந்த பரப்பும் ஆராயப்பட்டது. புகைப்பெட்டியின் இருபுறமும் நிற்கும் பெரிய தகடுகள் புகை கீழே படியாமல் காற்றை மேலே திருப்புவதற்கானவை. அவற்றின் மேல் பணியாளர் பற்றிக்கொள்வதற்காகப் பொருத்தப்பட்டிருந்த கைப்பிடிக் கம்பி, ஓட்டுநர் சிக்னலைப் பார்க்கும் கோட்டில் குறுக்கிட்டது. இதைத் தொடர்ந்து வெஸ்டர்ன் பிராந்தியம் தன் பிரிட்டானியாக்களின் கம்பிகளை அகற்றி, தகட்டிலேயே கைநுழையும் துளைகளை வெட்டியது. ஈஸ்டர்ன் பிராந்தியத்தில் நார்விச் பக்கம் ஓடியவற்றில் கம்பிகள் நீடித்தன. லண்டன் மிட்லண்ட் பிராந்தியம் பின்னால் மாற்றம் செய்தபோது துளைகளின் வடிவம் வேறாக அமைந்தது.

1960-களில் டீசல் என்ஜின்கள் பெருகியதால் இவ்வகுப்பு படிப்படியாக லண்டன் மிட்லண்ட் பிராந்தியத்துக்கு மாற்றப்பட்டு, இறுதியில் கார்லைல் நகரின் கிங்மூர் ஷெட்டில் ஒன்றுசேர்ந்தது. அங்கே அருகருகே நின்ற என்ஜின்களின் தகடுகளைப் பார்த்தே, எது கார்டிஃபிலிருந்து வந்தது, எது நார்விச்சிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடிந்திருக்கும். மாதிரி செய்பவர் ஒருவர் 1954-இன் போலார் ஸ்டாரைத் துளையிட்ட தகட்டோடு செய்தால், அப்போது இன்னும் நடக்காத விபத்தின் விளைவை அந்த என்ஜினின் மேல் ஏற்றியவராவார். நான்கு மில்லிமீட்டர் அளவில் அந்தத் துளை ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆயினும் பதினோரு பேரின் இறப்பு விட்டுச்சென்ற தடம் அது. நுணுக்க விவரங்களைக் கணக்கிடுவோரை ‘ஆணி எண்ணுபவர்கள்’ என்று இகழும் வழக்கம் பிரிட்டனில் உண்டு. இத்தகைய விவரங்களின் பின்னணியை அறிந்தவர் அந்த இகழ்ச்சியை ஏற்க மாட்டார்.

பாதுகாக்கப்பட்ட என்ஜினின் சாட்சியம்

இனி, பலரும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகக் கருதும் மூன்றாவது சான்றுக்கு வரலாம். கண்முன் நிற்கும் என்ஜினை அளந்து செய்த மாதிரி எப்படித் தவறாகும் என்ற வினாவுக்கு ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ விடை தருகிறது. 1923 பிப்ரவரியில் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து 1472 என்ற எண்ணோடு ‘ஏ1’ வகுப்பு என்ஜினாக வெளிவந்த அது, 1924-இல் 4472 ஆனது. 1946-இன் எண்மாற்றத்தில் முதலில் 502, பின்னர் 103 ஆனது. 1947 ஜனவரியில் உயரழுத்தக் கொதிகலன் பொருத்தப்பட்டு ‘ஏ3’ வகுப்புக்கு மாறியது. பிரிட்டிஷ் ரயில்வேயில் 60103 ஆகி, 1959-இல் இரட்டைப் புகைப்போக்கியும் 1961 இறுதியில் புகைத் திருப்புத் தகடுகளும் பெற்று, 1963 ஜனவரியில் பணியிலிருந்து நீக்கப்பட்டது. அதை விலைக்கு வாங்கிய ஆலன் பெக்லர், ஒற்றைப் புகைப்போக்கியும் ஆப்பிள் பச்சை நிறமும் 4472 என்ற எண்ணும் மீளத் தந்து, 1930-களின் தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் அந்தத் தோற்றம் முழுமையானதன்று. ஏ3 கொதிகலனில் நீராவியை மேலும் சூடாக்கும் அமைப்பு பெரியது. அதன் முனைகள் புகைப்பெட்டியின் இரு தோள்களிலும் சிறு செவ்வக மூடிகளாகப் புடைத்துத் தெரியும். அந்த மூடிகளும் 4472 என்ற எண்ணும் ஒரே என்ஜினில் சேர்ந்திருந்த நிலை எல்.என்.இ.ஆர். காலத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை, ஏனெனில் மூடிகள் வந்தபோது எண் 103 ஆகிவிட்டிருந்தது. கோடிக்கணக்கானோர் நெஞ்சில் பதிந்த ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் உருவம், 1963-க்குப் பின் உருவான ஒன்று.

இது தனியொரு நிகழ்வன்று. 1903-இல் கட்டப்பட்ட கிரேட் வெஸ்டர்னின் ‘சிட்டி ஆஃப் ட்ரூரோ’ 1911-இல் புதிய அமைப்போடு கூடிய கொதிகலனைப் பெற்று, 1912-இல் 3717 என்று எண் மாறி, 1931 வரை உழைத்தது. 1957-இல் மீண்டும் ஓடவிட்டபோது 3440 என்ற பழைய எண்ணும் அக்கால அலங்கார வண்ணமும் பிற்கால உடலின் மேல் பூசப்பட்டன. 6024 ‘கிங் எட்வர்ட் I’ இன்றைய பாதைகளின் உயர வரம்புக்குள் அடங்குவதற்காகப் புகைப்போக்கியும் ஓட்டுநர் அறையும் தணிக்கப்பட்டு, 13 அடி 1 அங்குல உயரத்துக்குக் குறைக்கப்பட்டது. அத்தகைய என்ஜினை லேசர் கருவியால் அலகிட்டுச் செய்யும் மாதிரி, ஒரு மில்லிமீட்டரும் பிசகாமல் இன்றைய காலத்தைப் படியெடுக்கிறது; 1930-களின் வண்ணத்தை அதன்மேல் பூசியதும் பிழை தொடங்குகிறது. பாதுகாப்போர்மேல் இதற்காகக் குறை காண இடமில்லை. பாழாகிப் போயிருக்க வேண்டிய இயந்திரங்களை ஓடும் நிலையில் வைத்திருப்பது பெரும் தொண்டு. அதைச் சான்றாகக் கொள்வோர் அது எக்காலத்துச் சான்று என்று கேட்காததே குறை.

எஞ்சியவை எவை என்பதிலும் பிராந்தியச் சாய்வு இருக்கிறது. இன்று பாதுகாக்கப்படும் என்ஜின்களில் 213 சவுத் வேல்ஸின் பாரி நகரிலிருந்த வுட்ஹாம் சகோதரர்களின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்டவை. அக்கிடங்கினர் பழைய சரக்கு வண்டிகளை முதலில் உடைத்து, என்ஜின்களைப் பின்னுக்குத் தள்ளிவைத்ததால் அவை பிழைத்தன. கிடங்கு இருந்த இடம் காரணமாக அங்கே சேர்ந்தவற்றில் வெஸ்டர்ன், சதர்ன் பிராந்திய என்ஜின்கள் மிகுதி, எல்.என்.இ.ஆர். வடிவமைப்பில் அங்கிருந்து மீண்டது 61264 என்ற ஒன்றே. 1948-49-இல் கட்டப்பட்ட பெப்பர்கார்ன் ஏ1 வகுப்பின் 49 என்ஜின்களில் ஒன்றுகூட எஞ்சாததால், 2008-இல் ‘டொர்னேடோ’ என்ற புதிய என்ஜினையே ஆர்வலர்கள் கட்ட வேண்டியதாயிற்று. எஞ்சிய என்ஜினை அளந்தே மாதிரி செய்வது என்ற முறை பரவும்போது, வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரி ரயில்களை இழுத்துத் தேய்ந்துபோன எத்தனையோ வகுப்புகள் மாதிரி உலகிலும் ஓரங்கட்டப்படும் ஆபத்து இருக்கிறது.

மதிப்பீட்டுக்கான அளவுகோல்

மேற்கண்டவற்றிலிருந்து சான்றுகளின் தரவரிசை தெளிவாகிறது. தேதியும் இடமும் உறுதியான புகைப்படம் முதலிடம் பெறும். அந்த என்ஜினுக்கே உரிய பணிமனைப் பதிவு அதற்கு அடுத்தது. ரயில்வே கடிதத் தொடர்பு மற்றும் பயணச் சங்கம் போன்ற அமைப்புகள் பல்லாண்டு உழைத்து வெளியிட்ட என்ஜின் வரலாற்றுத் தொகுதிகள் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அடிப்படை அளவுகளுக்கு வரைபடமே ஆதாரம். பாதுகாக்கப்பட்ட என்ஜின், எந்தப் படத்திலும் விழாத மூலைகளை, ஆணிவரிசையின் இடைவெளியை, தகட்டின் வளைவை அறிவதற்கு ஈடற்றது. ஆனால் மற்றவை உறுதிசெய்யாத எதற்கும் அது தனிச் சாட்சியாக நிற்கலாகாது.

மாதிரிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களும் அவற்றைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களும் ஒன்றைச் செய்யலாம். ஒவ்வொரு மாதிரியோடும் அது எந்த எண்ணுடைய என்ஜின், எந்த ஷெட்டைச் சேர்ந்தது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்த நிலையில் இருந்தது, எந்தப் புகைப்படத்தை அல்லது பதிவை ஆதாரமாகக் கொண்டது என்பதை நான்கு வரிகளில் அச்சிட்டு வைக்கட்டும். பாதுகாப்புக் காலத்துத் தோற்றமானால் அதையும் வெளிப்படையாக எழுதட்டும். வாங்குவோரும் பார்ப்போரும் அந்த நான்கு வரிகளைக் கேட்டுப் பெற வேண்டும்.